எட்டு வினாடிக் கதையும் என் நாற்பது நிமிடப் பேச்சும்

சென்ற மாதம் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் இளைஞர் அணியிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "ஐயா, இனவாதத்துக்கு எதிரா எப்படிப் பேசுறது, எப்படி எழுதுறதுன்னு ஒரு சின்னப் புத்தகம் போடுறோம். நீங்க மேடைப் பேச்சப் பத்தி எழுதித் தாங்க. கதையப் பத்தி ஸ்டெல்லாம்மா எழுதுறாங்க" என்றார். யாருடைய கட்டுரை முதலில் வரும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஸ்டெல்லாம்மாவோடது தாங்கய்யா. அவங்க ஏற்கெனவே குடுத்துட்டாங்க" என்றார்.

கொடுத்துவிட்டாளாம்! எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சீனி வியாதி இருக்கிறது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, முழங்கால் படி ஏற விடுவதில்லை. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பெயரைக் கேட்டால் வயிறு எரிகிறது. இதை அழகாகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பொறாமைதான். பேச்சு பலமா, கதை பலமா என்று அந்தத் தம்பிகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் விதிமுறைகளை வரிசையாக எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு பஸ் விவகாரம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் பிறந்தது கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினேன் என்பதற்காகச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருடம் கொடி கட்டினேன். அடுத்த வருடம் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொன்னேன். பிறகு பெரிய தலைவர்கள் வந்து சேரும் வரை கூட்டம் கலையாமல் பிடித்து வைக்கப் பேசினேன். தலைவர்கள் எப்போதும் பிந்தித்தான் வருவார்கள் என்பதால் எனக்கு நல்ல பயிற்சி கிடைத்தது. கடைசியில் ஹட்டன் அலுவலகத்தில் பிரதிநிதி ஆனேன். தோட்டத்தில் பிரச்சினை என்றால் அதை நிர்வகிக்கும் தொரையிடம் பேசுவது, தொழில் திணைக்களத்துக்கு ஆளைக் கூட்டிப் போவது, கூட்டத்தில் பேசுவது. கடைசியாகச் சொன்னதற்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன். என் பேச்சைக் கேட்க அக்கரப்பத்தனையிலிருந்து லொறி பிடித்து ஆட்கள் வந்த காலம் ஒன்று இருந்தது. இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டச் செயலாளர் ஞானமுத்து ஐயா. ஒல்லியான மனிதர், குரல் எழும்பவே எழும்பாது. அவர் முன் ஒத்திகை பார்க்காமல் எந்தப் பேச்சும் மேடை ஏறக்கூடாது. ஒத்திகை எப்படி என்றால், அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நமக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மடியில் ஒரு பை வறுத்த கச்சான், தோல் உரிக்காத நிலக்கடலை. நாம் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். பேச்சு அவரைப் பிடித்திருந்தால் கை சும்மா இருக்கும். எந்த இடத்தில் அவருக்குக் கவனம் கலைகிறதோ அந்த இடத்தில் ஒரு கச்சான் "டக்" என்று உடையும். உடைந்த இடத்தில் நாமே பேனாவால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஏன், எதற்கு என்று அவர் விளக்க மாட்டார். முடிந்ததும் எழுந்து, சட்டையில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டு, "கோடு போட்டத எல்லாம் எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு தரம் நான் முதல் வரி வாசித்ததுமே உடைத்துவிட்டார். "ஐயா, வணக்கம்தான் சொன்னேன்" என்றேன். "நீளமான வணக்கம்" என்றார்.

அவர் விளக்கமாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "முன்னால நிக்கிறவன் நம்ம ஆளு. அவன் ஏற்கெனவே நம்ம ஆளுதாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடையில ஒருத்தன் கிளாஸப் புடிச்சிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருப்பான் பாருங்க, அவனுக்குப் பேசுங்க." நான் தலையாட்டினேன். முப்பது வருடம் தலையாட்டிக்கொண்டே முன்னால் நிற்பவனுக்குத்தான் பேசினேன். கைதட்டுவது அவன்தானே?

ஸ்டெல்லா எங்கள் அலுவலகத்தில் டைப் அடிக்க வந்தவள். கத்தோலிக்கக் குடும்பம், தகப்பனார் தோட்டத்தில் காவல்காரர். சிங்களக் கிராமத்தை ஒட்டிய லயத்தில் வளர்ந்ததால் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தொழிலாளர் வந்து சொல்லும் முறைப்பாட்டைக் கேட்டு மனுவாக எழுதுவதும் அவள் வேலை. யார் வந்தாலும், கை முறிந்து வந்தாலும், வேலை நிறுத்தப்பட்டு வந்தாலும், அவள் முதலில் கேட்பது, "அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?" எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வந்த ஆள் ரொட்டியும் சம்பலும் என்று தொடங்கி, அன்று வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யார் என்ன சொன்னார்கள், மழை எப்போது விட்டது என்பது வரை ஒன்று விடாமல் சொல்லிவிடுவார். அவளுடைய மனுக்களைத் தொழில் அதிகாரி கடைசி வரி வரை வாசிப்பார் என்று கேள்வி. என்னுடைய மனுக்களில் அவர் 'பொருள்' என்ற வரியை மட்டும் வாசிப்பார்.

அவள் கதையும் எழுதுவாள். சங்கத்து மாத இதழுக்கு நான்தான் பொறுப்பு. என் பேச்சு முதல் பக்கத்தில் வரும். அவள் கதை கடைசிப் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே வரும். அந்தப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது என்று சொல்லிவந்தேன். வாசகர் கடிதங்கள் எல்லாம் கடைசிப் பக்கத்தைப் பற்றியே வந்தன. நான் அவற்றைப் போடுவதில்லை.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன். நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அந்த வருடம் தேர்த் திருவிழாவன்று தேர் பெரிய ரோட்டில் வளைவில் சிக்கிக்கொண்டது. பின்னால் ஒரு தனியார் பஸ். முக்கால் மணி நேரம் நின்றது. பஸ்காரர் ஹார்ன் அடித்தார், நம் பையன்கள் ஏசினார்கள், தள்ளுமுள்ளில் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி உடைந்தது. அதை யாரோ போனில் எடுத்து, தோட்டத் தமிழர்கள் பஸ்ஸை அடிக்கிறார்கள், நம் ரோட்டில் நமக்கே வழியில்லை என்று சிங்களத்தில் எழுதிப் பரப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பாதையில் ஓடிய எந்தத் தனியார் பஸ்ஸும் அந்தத் தோட்டத்து நிறுத்தத்தில் நிற்கவில்லை. அரசாங்க பஸ் ஒன்று இருந்தது, அது பழுதாகி டிப்போவில் கிடந்தது.

அந்தத் தோட்டத்துச் சங்கத் தலைவர் மாரிமுத்து அலுவலகத்துக்கு வந்தார். நல்ல உயரமான ஆள், அன்று கூனிக்கொண்டு உட்கார்ந்தார். "நிக்க மாட்டோம்னு யாரும் வாயால சொல்றதில்லீங்க ஐயா. கையக் காட்டுனா ரோட்டப் பாத்துக்கிட்டே போறாங்க. நாங்க நிக்கிறது கண்ணுக்கே தெரியாத மாதிரி. அடிச்சாக்கூடத் தாங்கலாங்க" என்றார்.

பிறகு உண்மையான கவலையைச் சொன்னார். அந்தத் தோட்டத்தில் பதினொரு பிள்ளைகள் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தார்கள். பரீட்சை மண்டபம் டவுனில். அதில் ஒருத்தி அவர் மகள் யோகேஸ்வரி. தோட்டத்தின் அந்த டிவிசனில், இதில் தேறி மேலே உயர்தரம் படிக்கப் போகிற முதல் பெண்ணாக அவள்தான் இருப்பாள் என்று டீச்சர்மார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. பஸ் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது.

பொலிசுக்குப் போனோம். மனு எழுதினோம். எல்லா இடத்திலும் "பார்க்கிறோம்" என்றார்கள். அப்போது நான் சொன்னேன், டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கூட்டம் போடுவோம், நான் பேசுகிறேன் என்று. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி ஒன்று எழுதியதில்லை. ஒத்திகையில் ஞானமுத்து ஐயா மூன்று இடத்தில் உடைத்தார். நீங்கள் பஸ் ஓட்டும் ரோட்டுக்கு அடியில் எங்கள் முன்னோரின் எலும்பு கிடக்கிறது என்ற இடத்தில் ஒன்று. நாங்கள் பறித்த கொழுந்தின் காசில்தான் உங்கள் பிள்ளைகள் படித்தார்கள் என்ற இடத்தில் ஒன்று. இந்த நாடு எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற இடத்தில் இரண்டு கச்சான் சேர்ந்து உடைந்தது. அவை மூன்றும்தான் என் பேச்சின் உயிர். கோடு போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நல்ல ஜனம். மைக் அன்று எனக்கென்றே பிறந்தது போல் இருந்தது. பத்து நிமிடத்தில் கைதட்டல் ஆரம்பித்தது, பிறகு கோடு போட்டது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது பொய். ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் திருப்பிச் சொருகினேன். சிங்களத்தில் சொல்ல வேண்டிய பகுதிகளையும் நானே உடைந்த சிங்களத்தில் சொன்னேன், அதுவும் கையை நீட்டி. நாற்பது நிமிடம். மாலை விழுந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடையில் இரண்டு டிரைவர்கள் நின்று கேட்டார்கள். எலும்பு என்று நான் சொன்ன இடத்தில் ஒருவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். பார்த்தேன். பார்த்துக்கொண்டே பேசினேன்.

மறுநாள் காலையில் பஸ்கள் வழக்கம்போல் நிற்கவில்லை. முன்பெல்லாம் பேசாமல் போனவை, அன்றிலிருந்து தோட்டத்து எல்லையின் முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை ஹார்னை அழுத்திக்கொண்டே போயின.

இங்கே என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு யார் சொல்வார்கள்? அந்தப் பேச்சைக் கேட்ட பெண்கள் அன்று டவுனில் நிமிர்ந்து நடந்தார்கள். மாரிமுத்துவின் கூன் போயிருந்தது. "ஐயா, எங்க மனசுல இருந்தத எல்லாம் சொல்லிட்டீங்க" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மிதிபட்ட ஜனத்துக்கு அது சோறு மாதிரி. ஒரு கதையால் ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் நிமிர்த்த முடியுமா? முடியாது. ஆனால் எங்களுக்கு அன்று வேண்டியிருந்தது நிமிர்வது அல்ல. பஸ் நிற்பது. ஓட்டுபவனைப் பார்த்து "நீ" என்று கையை நீட்டிய உடனேயே அவன் காது அடைத்துக்கொள்கிறது என்பதை முப்பது வருடம் பேசிய நான் அறியாமல் இருந்தேன். அறிந்திருந்தேன், கைதட்டல் அதைவிட இனிப்பாக இருந்தது.

அந்த வாரம் ஸ்டெல்லா இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டு வந்தாள். யாரையோ பார்க்கப் போகிறாள் என்று அலுவலகத்தில் பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கியது நான்தான். அவள் போனது டைம் கீப்பரின் கூண்டுக்கு. பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு சின்னக் கூண்டு இருக்கும். பஸ் வந்ததும் டிரைவர் இறங்கிப் போய், அங்கே நேரப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் முறை வரும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. சுவரில் நேர அட்டவணையைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து இதை அளந்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தச் சுவரில் ஒட்டுவதற்கு, நாலு நிமிடத்தில் வாசித்து முடிக்கிற மாதிரி ஒரு கதையைச் சிங்களத்தில் எழுதினாள்.

கதை இதுதான். ஒரு டிரைவர். ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போனால் எட்டு வினாடி மிச்சமாகிறது என்று கண்டுபிடிக்கிறார். சந்தோஷமாகிவிடுகிறது. போக வர, ஒவ்வொரு நடைக்கும் எட்டு வினாடி. வாரக் கடைசியில் பல நிமிடங்கள் சேர்ந்துவிடுகின்றன. அதை வைத்து என்ன செய்வது என்று யோசிக்கிறார். ஒரு நாள் தேத்தண்ணியைச் சூடாகக் குடித்துப் பார்க்கிறார், நாக்கு வெந்துபோகிறது. ஒரு நாள் தலையை இரண்டு தரம் வாருகிறார். மிச்ச நேரம் தீரவே மாட்டேன் என்கிறது. ஒரு நாள் வேளையோடு வீட்டுக்குப் போய் முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகள் வந்து, "அப்பா, என்ன இன்னைக்கு வெள்ளனவே வந்துட்டீங்க?" என்று கேட்கிறாள். "ஒரு எடத்துல நிக்கல." "அங்க யாரும் இல்லையா?" "இருந்தாங்க." மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்புறம்?" என்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஞானமுத்து ஐயா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டெல்லா தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். எடுத்த கச்சானைக் கையில் வைத்தபடியே இருந்தார். தலை வாருகிற இடத்தில் அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார்! என் பேச்சுக்கு அவர் முதுகு ஒரு நாளும் குலுங்கியதில்லை. அவள் முடித்த பிறகும் அந்தக் கச்சான் உடையாமல் கையிலேயே இருந்தது. "இத ஒட்டுங்கம்மா" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. தோட்டம் என்ற சொல்லே அந்தக் கதையில் இல்லை. தமிழர் இல்லை. இனவாதம் இல்லை. குற்றவாளிதான் கதாநாயகன். இதற்கா ஐயா மயங்கினார் என்று கொதித்தேன். அந்தக் கொதிப்புக்கு அடியில் எனக்குத் தெரிந்தே இருந்தது, தேத்தண்ணிக் கடையில் நின்றவனோடு அவள் பேசிவிட்டாள் என்று.

சங்கத்திலிருந்து வெளியே போகும் எந்தத் தாளும் என் கையெழுத்தோடு போக வேண்டும் என்பது விதி. நான் தாளை வாங்கி மேசையில் வைத்தேன். அன்று பின்னேரம் கடைசியில் ஒரு பந்தி சேர்த்தேன். மகள் "அப்புறம்?" என்று கேட்ட பிறகு நிறுத்தாமல் இப்படிப் பேசுகிறாள்: "அப்பா, இந்த நாட்டின் பொருளாதாரத்தைத் தங்கள் தோளில் சுமக்கும் ஒரு மக்கள் கூட்டத்தை வீதியோரத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் விரைந்து செல்வது எவ்வகையில் நியாயம்? இனவாதம் என்னும் நஞ்சை நாம் வேரோடு களைய வேண்டாமா?" இன்னும் ஏழு வரி. என் கூட்டத்துப் பேச்சிலிருந்து எடுத்ததுதான். ஸ்டெல்லா வாசித்தாள்.

"அண்ணே, அந்தப் புள்ளைக்குப் பதினாறு வயசு. அது வீட்டு முத்தத்துல நின்னு அப்பாகிட்ட பேசுது. மைக் முன்னால இல்லண்ணே."

"கருத்துத் தெளிவா இருக்கணும் ஸ்டெல்லா. இல்லாட்டி வேடிக்கைக் கதைன்னு நெனச்சிட்டுப் போயிருவானுங்க."

"இது வேணாண்ணே."

"அப்ப கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் அந்தப் பந்தியைச் சிங்களத்தில் எழுதினாள். நன்றாகவே எழுதினாள், ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. வியாழக்கிழமை டைம் கீப்பரிடம் சொல்லிக் கூண்டுச் சுவரில் ஒட்டினாள். அவர் வயதான சிங்களவர், கண்ணியமான மனிதர். வெள்ளிக்கிழமை அது கிழிந்து கிடந்தது. என்ன நடந்தது என்று அவரே சொன்னார். டிரைவர்கள் இரண்டு பேர் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். ஒருவர் மற்றவருக்குச் சத்தமாகவே வாசித்துக் காட்டியிருக்கிறார். நாக்கு வெந்த இடத்தில் சிரித்திருக்கிறார்கள். மகள் "அப்புறம்?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு என் பந்தி. இரண்டு வரி வாசித்துவிட்டு, "ஆ, சங்கத்து ஆளு வந்துட்டாரு" என்று சொல்லி அந்த மனிதர் தாளைப் பிடித்து இழுத்துக் கிழித்திருக்கிறார்.

இதைக் கேட்டபோதே நான் ஸ்டெல்லாவிடம், "சரிம்மா, உன் கதையை அப்படியே ஒட்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திங்கட்கிழமை பரீட்சை தொடங்கியது. அன்று காலையில் அவளாகவே வந்து கேட்டாள். "ஐயா கண்டிக்குப் போயிருக்காரு, வந்ததும் பாப்போம்" என்றேன். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னேன். ஐயா ஏற்கெனவே ஒட்டச் சொன்ன கதைதான், அவர் வந்து பார்க்க ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளும் தோட்ட லொறி பிள்ளைகளை டவுனில் கொண்டுபோய் விட்டது, அதனால் அவசரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவள் கதை ஒட்டப்பட்டு பஸ் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். பஸ் நின்றுவிடுமோ என்று பயந்தேன்! ஒரு தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவன் இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை மழை. லொறி பள்ளத்து வளைவில் சேற்றில் புதைந்தது. பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு ஆட்டோ, அதில் நெருக்கி ஐந்து ஐந்து பேராக ஏற்றிப் போனார்கள். யோகேஸ்வரி, "நீங்க மொதல்ல போங்க" என்று மற்றப் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கடைசி நடைக்கு நின்றாள். அவள் மண்டபத்துக்குப் போனபோது அரை மணி நேரம் தாண்டிவிட்டது. அரை மணிக்குப் பிறகு யாரையும் விட முடியாது, அது பொது விதி. அன்றைய பாடம் தமிழ். அது இல்லாமல் உயர்தரம் போக முடியாது.

அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டைம் கீப்பர் கூண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், மற்றவர்கள் எழுதி முடித்து வரும் வரை. ஸ்டெல்லா அன்று என்னைக் கேட்கவில்லை. சங்கத்தின் பெயர் இல்லாமல், என் பந்தி இல்லாமல், கையால் எழுதிய தாளோடு, பசை டின்னோடு அங்கே போயிருக்கிறாள். வெள்ளைச் சீருடையில் ஈரத்தோடு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டு, அவளும் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு எழுந்து கதையை ஒட்டினாள். பந்துல என்ற டிரைவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு சுவரைப் பார்த்து நின்றார். முழுதும் வாசித்தார். வாசித்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சில் அந்தப் பெண்.

"மகளே, பரீட்சைக்குப் போகலையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பஸ் நிக்கல மாத்தயா."

"எந்த பஸ்?"

அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. எதிரே நின்ற அவர் பஸ்ஸைக் கையால் காட்டினாள்.

அவர் அடுத்த நடையில் அவளை முன் சீட்டில் உட்கார வைத்துத் தோட்டத்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். வியாழக்கிழமை காலையில் அவர் பஸ் நின்றது. கதை சுவரிலேயே இருந்தது, அடுத்த வாரத்துக்குள் எல்லா பஸ்ஸும் நின்றன. பதினொரு பிள்ளைகளும் மிச்சப் பரீட்சைகளை பஸ்ஸில் போய் எழுதினார்கள்.

ஞானமுத்து ஐயா எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லச் சொன்னார். அன்று நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை. நேராகப் பார்த்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா சுருக்கமாகச் சொன்னாள். தன் கதையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பெருமையாகச் சொல்லவில்லை. ஐயா மெதுவாக, "கதை வேல செஞ்சிருக்கு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாய் என் தொழில்.

"கதை எங்கங்க ஐயா வேல செஞ்சிச்சு? அந்தப் புள்ள அங்க உக்காந்திருந்துச்சு, அதப் பாத்து அந்த மனுசன் மனசு மாறுனாரு. புள்ள இல்லாட்டி இந்தக் கதைய வச்சு ஒரு பஸ் நின்னிருக்குமா?"

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இருந்த மாதிரித் தெரியவில்லை. முறைப்பாடு எழுத வந்த ஆளிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஆமாண்ணே. அந்தப் புள்ளைய அங்க உக்கார வச்சது யாரு?"

நான் ஆயிரம் பேர் முன்னால் பதில் சொன்னவன், கேள்வி கேட்டவர்களை மடக்கியவன். அன்று மேசை மேல் கிடந்த கச்சான் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஐயா எழுந்து வெளியே போய்விட்டார்.

யோகேஸ்வரியின் மற்றப் பாடங்களெல்லாம் நல்ல பெறுபேறு. அடுத்த வருடம் தமிழை மட்டும் எழுதலாம் என்று டீச்சர்மார் சொன்னார்கள். அதற்குள் வீட்டில் கஷ்டம், கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டாள். உயர்தரம் படிக்கவில்லை. மாரிமுத்துவுக்கு இது எதுவும் தெரியாது. அந்த வருடம் மே தின மேடையில் பஸ்ஸை நிற்க வைத்த பேச்சு என்று சொல்லி அவர்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்திக்கொண்டேன். ஸ்டெல்லா கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டினாள்.

பேச்சு பலமா, கதை பலமா என்று கேட்கிறீர்கள் தம்பிகளே. அதை ஸ்டெல்லா அவள் கட்டுரையில் எழுதியிருப்பாள், முதல் பக்கத்திலேயே இருக்கும், அங்கே வாசித்துக்கொள்ளுங்கள். யோகேஸ்வரிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு இரண்டு தரம் ஸ்டெல்லாவுக்குக் கடிதம் போடுகிறாளாம். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அன்றைக்கு என்ன சமைத்தாள் என்பது வரை எழுதுகிறாளாம். எனக்கு அவள் ஒரு வரி எழுதியதில்லை, எழுதவும் வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கடிதங்கள் ஸ்டெல்லாவுக்குப் போகின்றன என்று கேட்கும்போது வயிறு எரிகிறது.